முப்பது நகல்

ஜூன் 2, திங்கள்

புதுத் தலைவர் வந்து சேர்ந்தாயிற்று. பெயர் தேவநாதன். கடலூர்க்காரன், முப்பத்திரண்டு வயது, பெங்களூரில் எட்டு வருடம் குப்பை கொட்டியவன். ஆபீஸில் ‘சார்’ போட்டுத்தான் தீர வேண்டும். இந்த டைரி என்னுடையது, இங்கே அவன் அவன்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்பு கோயமுத்தூர் சரவணம்பட்டியில் இரண்டு அறையும் ஒழுகுகிற ஏசியுமாக இந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது நான். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளெல்லாம் எங்கள் மென்பொருளில்தான் நோயாளி விவரங்களை வைத்திருக்கின்றன. ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தால், அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் மேலே சிவப்புப் பட்டை ஒன்று வரும். எந்த ஊசி கூடாது, எந்த மாத்திரை கூடாது என்று அதில் இருக்கும். அந்தப் பட்டை என் யோசனை. நர்சுகள் ஒவ்வொருவரையாகக் கேட்டுக் கேட்டு வருடக்கணக்காக அடித்து நிரப்பியது. இந்தக் கம்பெனியில் உருப்படியான ஒரே விஷயம் அதுதான் என்று முதலாளி சென்னியப்பனே சொல்லியிருக்கிறார்.

“அடுத்த ஹெட்டு நீங்கதானுங்க கலாமணி” என்று இரண்டு தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு சொன்னதும் அதே வாய்தான். இன்றைக்கு அதே வாய், “வெளியாள் ஒருத்தர் வந்தாத்தானுங்க நம்ம ஓட்டை நமக்குத் தெரியும்” என்கிறது. சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும்.

வரும் வழியில் உளுந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அவனுடைய முதல் சட்டம். எதை அழித்தாலும் காரணம் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு பெட்டி திரையில் வரும். எழுதினால் அது தலைவருக்குப் போகும், அவன் ஒப்புக்கொண்டால்தான் அழியும்.

நானே உண்டாக்கிய ஒரு பழைய சோதனை அட்டவணையை அழிக்கப் போனேன். பெட்டி வந்தது. ‘சும்மா’ என்று அடித்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. ‘காரணம் போதவில்லை.’

பிறகு அவனே எழுந்து வந்தான். “கோச்சுக்காதீங்க மேடம். நாளைக்கு யாராவது ஏன் அழிச்சீங்கன்னு கேட்டா நமக்கே ஞாபகம் இருக்காது. ஒரு வரி எழுதிடுங்களேன்.”

ஒரு வரியா? பத்து வரி எழுதினேன். அட்டவணையின் பிறப்பு, வளர்ப்பு, ஜாதகம் எல்லாம். ‘நன்றி மேடம்’ என்று ஒப்புதல் வந்தது. கிண்டல் கூடப் புரியாத ஜென்மம்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு வயிறு எரிந்தது. அதை எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எங்கள் டேட்டாபேஸ் மும்பையில் எங்கேயோ வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கிறது. தினம் ராத்திரி ஒருமுறை, அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கும். ஸ்னாப்ஷாட் என்பார்கள். எது கெட்டுப்போனாலும் அந்த நகலிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான்.

மீட்டிங்கில் அவன் கேட்டான்: “ராத்திரி எடுக்கறோம். மறுநாள் சாயங்காலம் ஏதாவது ஒடைஞ்சா, அன்னிக்கு முழுக்க நர்ஸுங்க அடிச்சதெல்லாம் போயிடும்ல? கால் மணிக்கு ஒண்ணு எடுக்கலாம் சார்.”

சென்னியப்பன் மேஜையைத் தட்டினார். “பாத்தீங்களா, இதத்தான் நான் சொன்னனுங்.”

நான்கு வருடமாக இதைச் சொன்னது நான். வருடா வருடம் சொன்னேன். “அடுத்த வருசம் பாக்கலாமுங்க” என்பார். என் வாயில் வந்தால் செலவு, அவன் வாயில் வந்தால் மூளை.

மதியமே மாற்றிவிட்டான். கிளம்பும்முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எவ்வளவு நேரத்துக்கு ஒன்று: பதினைந்து நிமிடம். சரி. அதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. எத்தனை நகல் வைத்திருக்க வேண்டும்: 30.

அந்த முப்பது நான் போட்டது. ராத்திரிக்கு ஒன்றாக ஒரு மாதத்துக்கு. முப்பத்தொன்றாவது வந்தால் முதலாவது தானாக அழிந்துவிடும். அதற்குக் காரணப் பெட்டியெல்லாம் கிடையாது. இவன் மேல் வரியை மாற்றினான், கீழ் வரியைத் தொடவில்லை. இப்போது முப்பது நகலும் சேர்ந்து ஏழரை மணி நேரம். ஒரு மாதம் பின்னால் போக முடிந்த இடத்தில், இனிமேல் காலையில் உட்கார்ந்தால் நேற்றைக்குக்கூடப் போக முடியாது.

பெங்களூர் மூளை.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வாயைத் திறந்து மூக்குடைபட்டது போதும். சர்வரில் சோதனைக்கென்று என் பெயரில் தனியாக ஓர் இடம் இருக்கிறது. கிளம்பும்முன் அதில் முழு நகல் ஒன்று எடுத்து வைத்தேன். தினம் மாலை ஆறு மணிக்குத் தானாக எடுக்கும்படியும் செய்துவிட்டேன். என் மன நிம்மதிக்கு.

ஜூன் 11, புதன்

முப்பது அப்படியேதான் இருக்கிறது. மதியம் ஒருமுறையும் கிளம்பும்போது ஒருமுறையும் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. வீட்டுக்காரர் கணபதிக் கடைவீதி வரைக்கும் போய் வாங்கிவந்து மாட்டினார். லேத்துப் பட்டறைக் கை என்பதால் ஐந்து நிமிட வேலை. மாவு வழித்துக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் அந்த முப்பது கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“அப்பறம்? அந்தப் பையங்கிட்டச் சொல்லிப்போட்டியா?”

“நான் எதுக்குச் சொல்லோணும்? அவன்தான் ஹெட்டு.”

“ஆசுபத்திரி சமாச்சாரம் கலா. சொல்லிப்போடு.”

“என்ர வேலைல உங்களுக்கென்ன தெரியும்?”

கையைத் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷனுக்கு எப்போதும் ஊரான் பிள்ளை மேல்தான் பாசம். என் இடத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தப்பட்டாரா? கிடையாது.

என்னிடம்தான் தினமும் ஒரு நகல் இருக்கிறதே. யாருக்கு என்ன கெட்டுப்போகும்?

ஜூன் 19, வியாழன்

புது நகல் ஏற்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் விளக்கினான். பெரிய திரை, வண்ண வண்ணக் கோடு. முதலாளிக்கு முந்திரி பிஸ்கட்.

கடைசியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டான். “மேடம், பழைய ஏற்பாடு செஞ்சது நீங்க. நான் எதையாவது கவனிக்காம விட்டிருந்தா சொல்லுங்க. வேற ஏதாச்சும் பாக்கணுமா?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அவன் கேட்டது மரியாதைக்கு. அப்படிக் கேட்பவர்களுக்கு அப்படித்தான் பதில். தவிர, அத்தனை பேர் முன்னால் சொன்னால், “பாருங்க, கலாமணிக்கு வயித்தெரிச்சல்” என்று பேசியிருப்பார்கள்.

ஜூன் 23, திங்கள்

என் தலைக்கு மேலே வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த ஏசியை ஆள் வைத்துச் சரி செய்துவிட்டான். யார் கேட்டார்கள்? “தோள்பட்டை வலிக்குதுன்னு நீங்க போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தீங்க மேடம்.” ஒட்டுக்கேட்கிற புத்தி.

தோள்பட்டை வலி இல்லை இன்றைக்கு.

ஜூன் 27, வெள்ளி

நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன். பிற்பாடு யாராவது திரித்துப் பேசினால் எனக்காவது சரியாகத் தெரிய வேண்டும்.

காலையில் நான் உள்ளே நுழையும்போதே உடுமலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஜெசிந்தா சிஸ்டர். அங்கே தலைமை நர்சு, சிவப்புப் பட்டையை நான் கொண்டுவந்த நாளிலிருந்து பழக்கம். “மேடம், காலைல இருந்து யாருக்குமே செவப்புப் பட்ட வரல. ஷுகர்காரர் ஒருத்தருக்கு சல்பா மாத்திரை ஆகாது, எனக்கே தெரியும். அவருக்கும் ‘இல்லை’ன்னு காட்டுது.”

பார்த்தேன். அவருக்கு மட்டுமில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நோயாளிக்கும், ஒவ்வாமை என்ற இடத்தில் ‘இல்லை.’ அவ்வளவு பேருக்கும் ஒரே வார்த்தை.

தேவநாதன் முகம் வெளுத்துவிட்டது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குத் தாராபுரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டார்கள் என்று, புதிதாகச் சேர்ந்த நோயாளிகளுக்குக் காலியாக இருந்த இடத்தில் ‘இல்லை’ என்று நிரப்ப ஒரு கட்டளை ஓட்டியிருக்கிறான். இன்னாருக்கு மட்டும் என்று வரையறுக்கும் வரியை விட்டுவிட்டான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒருநாள் வருகிற கண்டம்தான் இது. அதற்காகத்தான் நகல்.

“ஒண்ணும் பயமில்ல, கால் மணிக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கோம்” என்று இருப்பதிலேயே பழைய நகலைத் திறந்தான். நடுராத்திரி தாண்டி எடுத்தது. ‘இல்லை.’ அடுத்தது. ‘இல்லை.’ முப்பதையும் திறந்தான். கட்டளை ஓடுவதற்கு முன்னால் எடுத்த நகல் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்புறம்தான் கீழ் வரியைப் பார்த்தான். பார்த்த நொடி எனக்குத் தெரிந்தது, அவன் தோள் அப்படியே இறங்கிவிட்டது.

நான் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வியாழன் மாலை ஆறு மணி நகல் முழுசாக இருந்தது.

அவன் வந்து கேட்பான் என்று பார்த்தேன். ‘மேடம், நீங்கதான் காப்பாத்தணும்’ என்று ஒரு வார்த்தை. வரவில்லை. போனை எடுத்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டான். “கம்ப்யூட்டரை நம்பாதீங்க. ஒவ்வொருத்தரையும் வாயால கேட்டுட்டு ஊசி போடுங்க. தப்பு என்னோடது சார், என்னோடதுதான்.” ஒவ்வொரு போனிலும் அதே. அழுகிற குரல். இதெல்லாம் யாருக்குக் காட்டுவதற்கு?

முதலாளி திருப்பூர் கல்யாணத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வரட்டும் என்று இருந்தேன். அவர் வந்து, என்ன நடந்தது, யார் கொண்டுவந்த ஏற்பாடு, எது உடைந்தது என்பதெல்லாம் அவர் காதில் விழ வேண்டாமா? முன்னாலேயே எடுத்துக் கொடுத்தால், ‘சின்னத் தவறு, சரியாயிடுச்சு’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவான். அவன்தான் அப்போதும் ஹெட்டு.

சாப்பாட்டுக்கூடையைத் திறந்தேன். புளிசாதத்தை அப்படியே மூடி வைத்தேன். புளி கூடிப்போயிருந்தது.

சென்னியப்பன் வந்தபோது மணி மூன்றுக்கு மேல். கத்தினார். மேஜையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. “ஆஸ்பத்திரிக்காரங்க என்னய உள்ள தள்ளிப்போடுவாங்க. ஒருத்தருக்குமே வழி தெரியாதுங்களா?”

அப்போது எழுந்தேன். “எங்கிட்ட ஒரு நகல் இருக்குதுங்க. நேத்துச் சாயங்காலத்தது.”

அந்த அறையில் விழுந்த அமைதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதற்காகத்தான் பதினோரு வருடமாகக் காத்திருந்தேன் என்று சொன்னால் தப்பா? முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். தேவநாதன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “தேங்க்ஸ் மேடம்” என்றான். குரலே இல்லை.

ஒவ்வாமை விவரத்தை மட்டும் நகலிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டேன். இருபது நிமிட வேலை. நான்கு மணிக்கெல்லாம் எல்லா ஆஸ்பத்திரியிலும் பட்டை சிவந்துவிட்டது.

வரும் வழியில் இவருக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கிவந்தேன்.

ஜூன் 28, சனி

ஜெசிந்தா சிஸ்டர் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று எடுத்தேன். பாராட்டத்தான் கூப்பிட்டார்.

“நீங்கதான் மீட்டுக் குடுத்தீங்களாமே மேடம். கர்த்தர் உங்கள நல்லா வெச்சிருக்கட்டும்.” அப்புறம் அழுதார்.

ருக்மணி என்று ஒரு டீச்சர். நேற்று மதியம் கடுங்காய்ச்சலில் ஆட்டோக்காரர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். கூட யாருமில்லை.

“தேவநாதன் சார் சொன்னாப்லயே வாயாலதான் கேட்டேன் மேடம். எந்த ஊசியாவது ஆகாதாம்மான்னு. ஜொரத்துல பொலம்பிட்டிருந்தாங்க. ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ன்னாங்க. ரெண்டரை மணி இருக்கும், பென்சிலின் போட்டோம். கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுபோற மாரி ஆயிருச்சு. கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தி உட்டுட்டு வந்து கம்ப்யூட்டரத் தொறந்தா, பட்ட செவப்பா நிக்குது. பென்சிலின் கூடாதுன்னு. ஆறு வருசம் முந்தி நானே அவங்ககிட்டக் கேட்டு அடிச்சது மேடம்.”

டீச்சர் வென்டிலேட்டரில் இருக்கிறார்.

தேவநாதனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வரியை விட்டான். ஒரு எண்ணை விட்டான். இவனை நம்பி ஆஸ்பத்திரிகளைக் கொடுத்தார்களே. இவனை, இவனை.

இவர் தேங்காய் பன்னைத் தொடவில்லை. “அந்த நகல எப்பக் குடுத்தே?” என்று மட்டும் கேட்டார். துணி துவைக்கப் போய்விட்டேன். ஏற்கெனவே துவைத்த போர்வையையும் துவைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

தேவநாதன் ராஜினாமா செய்துவிட்டான். ரெண்டு தப்பும் என்னுடையது என்று எழுதிக்கொடுத்திருக்கிறான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இனி நீங்கதானுங்க” என்றார். இந்த முறை ஸ்வீட் பாக்ஸ் இல்லை.

சாயங்காலம் பையோடு என் மேஜைக்கு வந்தான். கத்துவான் என்று தயாராக இருந்தேன். எனக்கும் கத்தத் தெரியும்.

“உங்க இடத்துல இருக்கற நகல் எல்லாத்தையும் பாத்தேன் மேடம். முதல் நகல் ஜூன் பத்து. நான் மாத்தின அன்னிக்குச் சாயங்காலம்.”

“அதனால?”

“ஒண்ணுமில்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். கட்டளைய ஓட்டினது நான்தான்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். “பத்தொம்பதாம் தேதி நான் உங்கள நெஜமாவே கேட்டேன் மேடம்.”

போய்விட்டான். இப்படி ஒரு திமிர் உண்டா? சொல்லித் தொலைத்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சொல்லமாட்டானாம். பெரிய மனுஷன்.

ஜூலை 1, செவ்வாய்

டீச்சருக்கு வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்களாம். நான்கு தடவை போன் செய்து கேட்டதற்கு ஜெசிந்தா சிஸ்டர், “உங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு மேடம்” என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

அறை என்னுடையது. நாற்காலி சரியில்லை, அவன் உயரத்துக்கு வைத்திருக்கிறான்.

முதல் வேலையாக 30 என்பதை மாற்றினேன். முதலாளி உத்தரவு ஒன்றும் வந்தது: எல்லா நகலும் கம்பெனியின் பொதுக் கிடங்குக்குப் போக வேண்டும், என் பெயரில் இருப்பவையும்தான். “ஒண்ணுகூடப் போயிறக் கூடாதுங்க கலாமணி.” நானே நகர்த்தினேன். ஒவ்வொன்றும் தன் தேதியோடு வரிசையாக உட்கார்ந்தது. பத்தாம் தேதி முதலில்.

ஜூலை 9, புதன்

உடுமலை ஆஸ்பத்திரி தரப்பில் விசாரிக்கத் திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். நகல்களின் பட்டியல் வேண்டுமாம், தேதி வாரியாக. மீட்கப் பயன்பட்டது ஜூன் 26 நகல் ஒன்றுதான். அதற்கு முந்தியவை எதற்கு? வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பத்து முதல் இருபத்தைந்து வரை தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். பெட்டி வந்தது. காரணம்?

‘இடம் போதவில்லை’ என்று அடித்தேன். இடம் ஏராளமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். அடித்ததை அழித்தேன். ‘பழையவை’ என்று அடித்தேன். அழித்தேன். ‘இனித் தேவையில்லை’ என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

அப்போது ஜெசிந்தா சிஸ்டர் போன். டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். குரல் மட்டும் இன்னும் சரியாக வரவில்லையாம். குழாய் போட்டதால் அப்படித்தான் என்றார்களாம். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவருக்குக் குரல் இல்லை. “அவங்க உங்களப் பாக்கணும்ங்கறாங்க மேடம். காப்பாத்தினவங்க கையப் பிடிச்சு ஒரு வார்த்த சொல்லணுமாம்.”

லைன் போய்விட்டது என்று நினைத்து அவரே வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் திரையில் ஒரு கோரிக்கை நிற்கிறது. பதினாறு நகல்களை அழிக்க அனுமதி. கேட்பவர்: கலாமணி. காரணம்: இனித் தேவையில்லை. ஒப்புதல் தர வேண்டியவர்: கலாமணி.

தேவநாதன் கொண்டுவந்த விதி. தலைவர் பார்க்காமல் எதுவும் அழியாது. அவர் இருந்திருந்தால் எழுந்து வந்து, கோச்சுக்காதீங்க மேடம், ஒரு வரி எழுதிடுங்களேன் என்றிருப்பார். ரொம்ப நேரம் அந்த ஒரு வரியைத் தேடினேன். பத்து வரி எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு வரி வரவில்லை.

‘காரணம் போதவில்லை’ என்று அடித்துத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த நிமிடமே எனக்கு வந்து சேர்ந்தது.